அவிழ்க்காத தலைத்துணி

வெள்ளிக் குமிழ்கள் தைத்த குல்லாவைக் கட்டில்மேல் வைத்துவிட்டு மாமியார் மிதூ கறாராகச் சொன்னாள்: “இன்னிக்கு விருந்துக்கு இதைத்தான் போட்டுக்கணும்.”

மிஷேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று போட்ட குல்லா அது. முதல் பிள்ளை பிறந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கருநீலத் தலைத்துணி கட்டுவது அந்த மலையின் வழக்கம். ஐந்து மாதத்துக்கு முன் அவளும் கட்டினாள். பத்தொன்பது நாள்தான். இருபதாம் நாள் காலையில் பிள்ளை கண் விழிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் பிள்ளையின் பெயரைச் சொன்னதில்லை.

“நான் பெத்தவ, அத்தை. பெத்தவ குல்லா போட மாட்டா.”

“பிள்ளை எங்கடி? முதுகுல பிள்ளையில்லாம தலைத்துணி கட்டினா அடுத்த பிள்ளை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடும். வருஷப் பிறப்பும் அதுவுமா ஊர் வாயில விழணுமா?”

“ஊர் வாய்க்கு வாத்துக்கறி இருக்கு. அதை மெல்லட்டும்.”

கணவன் ஜாகோ, ஆடாத மேஜைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். சண்டை என்றால் அவனுக்கு எப்போதும் ஏதாவது வேலை வந்துவிடும். “ஒரு நாள்தானே மிஷே, போட்டுக்கோயேன்” என்றான் தலை நிமிராமல்.

“நீ போட்டுக்கோ. உன் தலைக்கும் பொருந்தும்.”

தலைத்துணியை மாமியார் பரணில் சோளக்கதிர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்த இடம் தெரியாதா மருமகளுக்கு? ஏணி போட்டு ஏறி எடுத்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருபது முறை அவுரித் தொட்டியில் முக்கியெடுத்த துணி. நகக்கண்ணில் அந்த நீலம் இன்னும் போகவில்லை. உதறி, இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தெரு நெடுக மேஜைகள். வீட்டுக்கு ஒன்றாக எல்லோரும் கொண்டுவந்து ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சுகள் பாதியில் நின்றன. மிதூ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் பிள்ளை பெற்றவர்கள் ஊர்ப் பூசாரிக்குச் சாராயம் ஊற்ற வேண்டும். அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டு உரக்கச் சொல்வார். ஊர் திருப்பிச் சொல்லும். பிறகுதான் குடிப்பார். அன்றுமுதல் பிள்ளை ஊருக்கும் பிள்ளை. மூன்று பெண்கள் முதுகில் குழந்தையோடு வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

நான்காவதாக மிஷே சாராயக் குடுவையோடு போய் நின்றாள்.

பூசாரி கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. “அடுத்த வருஷம் பிள்ளையோட வாம்மா. அப்ப குடிக்கிறேன்.”

“வந்தா அது ரெண்டாவதுக்கு ஊத்துறது. இது மூத்தவளுக்கு.”

“இல்லாத பிள்ளைக்கு எப்படிம்மா…”

“பத்தொன்பது நாள் இருந்தா. பால் குடிச்சா. என்னைப் பார்த்துச் சிணுங்கினா. நீங்க கிண்ணத்தை நீட்டுற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்.” குடுவையை அவள் கீழே வைக்கவில்லை.

வாத்துக்கறி ஆறியது. கடைசியில் கிண்ணம் நீண்டது. விளிம்பு வரை ஊற்றினாள். இத்தோடு தொலையட்டும் என்பதுபோல அவர் அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனார்.

“பேர் கேக்கலையே நீங்க.”

கிண்ணம் கீழே இறங்கியது. “பேரென்னம்மா?”

“மிலூ.”

“மிலூ” என்றார் பூசாரி, உரக்கவே.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மிஷே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், உடைந்து போய், கோபமாகவே வந்தது. “மிலூ.”

மிதூவின் குரல்.