பத்து நாற்காலி குறைவாக

அடுத்த அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் மூன்று வருஷம் முழுசாகக் கிடந்தது. அதனால் என்ன? அயோவாக்காரர்கள் பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைக்கிற கூட்டம். குடியரசுக் கட்சியில் அதிபர் ஆசை வந்த எவரும் முதலில் வந்து கைகுலுக்குவது இந்தச் சோளக்காட்டு ஊர்களில்தான்; வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் ஓட்டு இந்த மாநிலத்தில்தான் நடக்கும். ஊர்க்காரர்களும் கையைக் கொடுத்துவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் தேறுவாரா மாட்டாரா என்று பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி போடுகிறவள் மார்லிஸ் ஹாகன். இருபத்துநாலு வருஷமாக அவள்தான். அவளுக்கு ஒரே ஒரு விதி. எத்தனை பேர் வருவார்கள் என்று மனசுக்குள் மதிப்புப் போட வேண்டும். அதில் பத்து குறைத்து விரிக்க வேண்டும். பத்துப் பேர் சுவரோரம் நிற்பார்கள். போட்டோவில் ஹால் பொங்கி வழியும். வந்த பிரமுகரின் தலையும் கூடவே கொஞ்சம் வீங்கும்.

அவள் மதிப்பு இரண்டு மூன்றுக்கு மேல் பிசகியதே இல்லை. அதனால் காபிக் கடையின் காலை மேஜையில் கருத்துக்கணிப்பை ஒருவரும் சீந்துவதில்லை. மார்லிஸிடம்தான் கேட்பார்கள்.

"கவர்னர் ஸ்டிராட்டனுக்கு எத்தனை போட்டே?" என்றார் டெல்மர். விதை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வாய் வியாபாரத்துக்கு வந்துவிட்ட மனிதர்.

"அறுபது."

"அப்போ எழுபது தலை. ஆளு தேறிடுவான்."

"எங்க தேற? பூட்ஸைப் பாத்தீங்களா? சாணியே மிதிக்காத பூட்ஸு" என்றார் இரும்புக்கடை லோவல்.

"செனட்டர் பெக்வித் மட்டும் ஒழுங்கா? பன்னிப் பண்ணைக்கு வந்து மூக்கைப் பொத்தினாரே! அன்னிக்கே அவரு கதை பாதி முடிஞ்சுபோச்சு." டெல்மர் கோப்பையை நகர்த்திவிட்டு மார்லிஸைப் பார்த்தார். "அது கெடக்கட்டும். சனிக்கிழமை உன் தம்பிக்கு எத்தனை?"

மார்லிஸுக்குக் காபி புரையேறியது.

தம்பி வெர்லின் எட்டு வருஷம் மாநில விவசாயத் துறையின் தலைவனாக இருந்தவன். பதவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆசை போகவில்லை. சனிக்கிழமை மதியம் ஊர் ஹாலில் பேசுவது, ஹால் நிறைந்தால் திங்கட்கிழமையே அதிபர் போட்டியில் இறங்குவதாக அறிவிப்பது, பிறகு மனைவி ஜோனியோடு பஸ்ஸில் மாநிலம் முழுக்கச் சுற்றுவது என்று திட்டம் வைத்திருந்தான். ஜோனிக்கு ஏப்ரலில்தான் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாடிப்படி ஏறினாலே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். வேண்டாம் என்று அவனிடம் சொல்லமாட்டாள். அவள் எதற்கும் சொன்னதில்லை.

வெர்லின் முதல்நாள் போன் பண்ணியிருந்தான்.

"அக்கா, நீதானே நாற்காலி போடுவே? கொஞ்சம் பாத்துப் போடு. ஹாலைப் பாத்துட்டுத்தான் நான் முடிவே பண்ணப்போறேன்."

"நாற்காலி விஷயம் உனக்குத் தெரியாததாடா?"

"தெரியும்க்கா. இருந்தாலும் போடேன்."

சனிக்கிழமை காலை ஹாலுக்குள் நின்று மதிப்புப் போட்டாள். தம்பிதான், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இருந்தாலும் எண்ணிக்கை இருபதைத் தாண்ட மறுத்தது. விதிப்படி பத்து நாற்காலியை விரித்தாள். விரித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதே ஹாலில் நிற்கிறவர்களைப் பார்த்து ஏமாந்த பிரமுகர்களை எல்லாம் கேலி பண்ணியவன் அவன். ஆனால் ஆசை வெட்கமறியாது. சுவரோரம் பத்துப் பேர் நின்றால் போதும், இவனும் நம்பிவிடுவான். ஊரே சிரிக்கும். அது தொலையட்டும், ஜோனி?

மார்லிஸ் கிடங்கைத் திறந்தாள். தனி ஆளாக எண்பது நாற்காலி போட்டாள்.

மேடையோரம் உட்கார்ந்த ஜோனியைச் சேர்க்காமல் பதினோரு பேர் வந்தார்கள். டெல்மர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லின் வாசலிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு மழையைப் பற்றியும் சோள விலையைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினான். போட்டி என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. நாற்பது பேருக்குச் செய்த பன்றிக்கறி சாண்ட்விச் அப்படியே ஆறிக்கிடந்தது.

எல்லாரும் போனதும் அக்காவிடம் வந்தான்.

"நீதான் இத்தனை நாற்காலியும் போட்டதா?"

"நான்தான்."

"வந்தவன் போனவனுக்கெல்லாம் குறைச்சுப் போட்டே. கூடப் பொறந்தவனுக்கு மட்டும் இப்படியாக்கா?"

"அவனுங்க நம்பி ஏமாந்தா எனக்கென்னடா? நீ ஏமாந்தா எனக்கு வலிக்கும்."

அவன் ஜோனியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஐந்து வாரம் அக்காவுக்குப் போனும் வரவில்லை. மார்லிஸ் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் காபிக் கடை மேஜைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

ஆறாவது வாரம் செனட்டர் பெக்வித் மறுபடி வந்தார். அவர் கூட்டத்துக்காக மார்லிஸ் காலையிலேயே ஹாலுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே வெர்லின், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலி விரித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனைடா போட்டே?"

"நாப்பது. அம்பது பேர் வருவாங்க. மூக்கைப் பொத்தினதை ஜனங்க மறந்துட்டாங்க."

"நானும் அம்பதுதான் நினைச்சேன்."

இருவரும் ஒரு வரிசையைச் சேர்ந்தே நேராக்கினார்கள். அவன் நிமிராமல் கேட்டான்.

"எனக்கு எத்தனை நினைச்சிருந்தே?"

"இருபது."

"அப்போ பத்து போட்டிருக்கணும்."

"ஆமா. பத்துதான் முதல்ல போட்டேன்."

"வந்தது பதினோரு பேர்." வெர்லின் இன்னொரு நாற்காலியை வரிசைக்குள் தள்ளினான். "ஒரே ஒருத்தன் நின்னிருப்பான். அந்த ஒருத்தனை நம்பி நான் ஜோனியைப் பஸ்ல ஏத்தியிருப்பேன்க்கா."