எழுபது இன்ச் வண்டியின் நடு சீட்

1

இந்தக் கதை ஒரு பின்னூட்டத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு "எங்கே சுட்டாய்?" என்று யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது பாருங்கள்.

கார்களை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவது என் வேலை. குறைந்த விலையில் பெரிய குடும்பக் கார் என்று வந்திருக்கிற ஒரு செடானை மூன்று நாள் ஓட்டினேன். எழுதினேன். நிறைகள்: டிக்கியில் கட்டிலைத் தவிர எல்லாம் போகும். பின்னால் கால் நீட்டத் தாராளமான இடம். பள்ளத்தில் இறங்கினால் காதுக்குத்தான் தெரியும், இடுப்புக்குத் தெரியாது. குறைகள்: எஞ்சினுக்கு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. யாரையாவது முந்த வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். டேஷ்போர்டைத் தட்டினால் சோப்பு டப்பா சத்தம். கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரி: "பின்சீட்டின் நடு இடத்தை மறந்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே மனிதர் யாரும் உட்கார முடியாது."

நாற்பத்தோரு பேர் மைலேஜுக்காக ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாவதாக, பெயர் போடாமல் ஒருவர்: "அப்போ நான் எங்க உக்காரது?"

"நீங்க யாருங்க?" என்று கேட்டேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. சரி, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு குண்டு மாமா இருந்தார். அவரை எந்த சீட்டும்—"

வேண்டாம். குண்டு மாமாக்கள் நடுவில் உட்கார மாட்டார்கள். முன்சீட்டைப் பிடித்து, அதைப் பின்னுக்குத் தள்ளி, பின்னால் இருப்பவன் முழங்காலை உண்டு இல்லை என்று ஆக்குவார்கள். (சொந்த அனுபவம். வலது முழங்கால்.)

இரண்டாவது: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது அவள்—"

எனக்கு எழுத வராத அன்றெல்லாம் கதையில் மழை பெய்யும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் கார் சீட்டுக்கு உறை தைப்பவள்."

இது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

3

அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். தங்கையின் இரண்டு பெண்களும் கூப்பிடுவது போல நாமும் பெரியம்மா என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் இதுவரை கார் இல்லை. ஐந்து பேரும் பஸ்ஸில்தான் போனார்கள். பஸ்ஸில் நடு சீட், ஓர சீட் என்ற பிரச்சினையே இல்லை. யாருக்குமே சீட் கிடைக்காது.

பெரியம்மாவின் தையல் கூடத்தில் ரெக்சின் வாசனையும் ஃபோம் தூளும் தவிர வேறு காற்று கிடையாது. இதே செடானுக்கு இதுவரை பதினோரு செட் உறை தைத்திருக்கிறாள். பின்சீட்டின் நடுவில் தலைக்குத் திண்டு கிடையாது என்பதால் செட்டுக்கு ஒரு சாண் துணி மிச்சம் என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது தலையைக் கம்பெனிக்காரன் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதும் தெரியும்.

அவள் தங்கை புருஷன், மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு வண்டிகளில் ஒன்றை வாங்குவது என்று முடிவு. ஒன்று சின்னது, நாலு பேர் போகலாம். மற்றொன்று இந்தப் பெரிய செடான். ஒரு சாயங்காலம் கையில் விளம்பரப் புத்தகத்தோடு வந்தவர், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கி, தரையில் செடானை வரைந்தார்.

"அகலம் எழுபது இன்ச்," என்றார். "எல்லாரும் ஏறுங்க, பாப்போம்."

சோபா மெத்தைகள் தரைக்கு வந்தன. மாப்பிள்ளை முன்னால். பக்கத்தில் தங்கை. பின்னால் ஒரு ஓரத்தில் பெரியவள். பதினாலு வயது, பாதி உடம்பு கால், பட்டப்பெயர் ஒட்டகம். இன்னொரு ஓரத்தில் சின்னவள். வண்டி ஏறினாலே குமட்டும், ஆகவே ஜன்னல் அவள் பிறப்புரிமை. நடுவில் பெரியம்மா.

"அம்மாடி! கப்பல் மாதிரில்ல இருக்கு," என்றாள் தங்கை. "பாத்து ஓட்டுங்க, முன்னாடி லாரி வருது." சாக்பீஸ் காருக்குள்ளேயே காலால் பிரேக்கை மிதித்தாள்.

"லாரி இல்லடி, டிவி ஸ்டாண்டு."

"பெரியம்மா, இடிக்குதா?" என்று ஒட்டகம் கேட்டது.

"இல்லடி கண்ணு. நடுவுல இன்னும் ஒரு தலகாணி போடலாம்."

சுளையாக ஒரு பொய். எழுபது இன்ச் என்பது வெளி அகலம், தகரத்தோடு. உள்ளே சீட் ஐம்பத்து மூன்றுதான். பதினோரு தடவை டேப் வைத்து அளந்தவள் அவள். அது மட்டுமா? நடுவில் காலுக்குக் கீழே ஒரு மேடு. முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்த கைதாங்கி, பலகை மாதிரி.

மெத்தையில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

4

(இங்கே நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அளவெடுத்துப் பிழைக்கிறவள் தப்பான அளவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? ஒரு பொத்தான் தள்ளியிருந்தாலே என் அத்தைக்குத் தூக்கம் வராது.

இருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அவள் உண்மையைச் சொன்னால் அடுத்த பேச்சு என்ன? "எப்படியும் நடுவுல உக்கார முடியாது. அப்புறம் எதுக்குப் பெரிய வண்டி? சின்னதையே எடுத்துருவோம்." சின்ன வண்டி வந்தால் முதல் ஞாயிறு "நீயும் வாயேன், நெருக்கி உக்காந்துக்கலாம்". இரண்டாம் ஞாயிறு "நீ பஸ்ல வந்துரு, நாங்க அங்க நிக்கிறோம்". மூன்றாம் ஞாயிறு "வீட்டைப் பாத்துக்க". யாரும் கெட்டவர்கள் இல்லை. வண்டிதான் சின்னது.)

5

ஷோரூம். தரையில் முகம் பார்க்கலாம். விற்பனைக்காரர் பின்கதவைத் திறந்து, நடுவிலிருந்த கைதாங்கியைச் சடாரென்று கீழே இழுத்தார். அதில் டம்ளர் வைக்க இரண்டு குழிகள்.

"பாருங்க சார். பின்னாடி ரெண்டு பேரும் ராஜா மாதிரி சாஞ்சுக்கிட்டு, கையில காபியோட..."

பெரியம்மாவுக்கான இடம் இரண்டு டம்ளராகிவிட்டது.

"காபிய நான் வீட்லயே குடிச்சுட்டேன் தம்பி," என்றாள் பெரியம்மா. கைதாங்கியை மேலே தள்ளி, 'டக்' என்று பூட்டி, ஏறி நடுவில் உட்கார்ந்தாள்.

6

ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை ஓட்ட, விற்பனைக்காரர் ஷோரூமிலேயே நின்றுவிட்டார். (நிஜத்தில் கூடவே வருவார்கள். ஆறாவது ஆளை எங்கே உட்காரவைப்பேன்? என் கஷ்டம் எனக்கு.)

பெரியம்மா மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் என்று குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். ஒட்டகத்தின் முழங்கை விலாவில். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். சின்னவள் இடது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒட்டகம் வலது தோளில், தூங்குவது போல நடித்துக்கொண்டு—

சர்க்கரை ஜாஸ்தி. வெட்டுகிறேன். ஒரு தோள் போதும். ஒட்டகம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது என்றே இருக்கட்டும்.

இருபத்தோராவது நிமிடம் பெரியம்மாவின் வலது கால் மரத்தது. என் விமர்சனம் துல்லியம் என்று எனக்கு அற்பமாக ஒரு பெருமை.

"அக்கா, வசதியா இருக்கா?" கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் மாப்பிள்ளை.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள் தங்கை, இல்லாத பிரேக்கை மிதித்து.

பெரியம்மா குனிந்து காலை அழுத்திவிட்டுக்கொண்டாள். சோபா மெத்தையில் சொன்ன பொய் மரத்த காலோடு வரமாட்டேன் என்றது.

7

ஷோரூம் வாசலில் இறங்கி, நொண்டிக்கொண்டே மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மாப்ளே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னிக்கி நீங்க வரைஞ்சது வெளி அகலம். உள்ள ஐம்பத்தி மூணுதான். எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

மாப்பிள்ளை கையில் அந்த விளம்பரப் புத்தகம். புரட்டினார். "உட்புற அகலம்: 53" என்ற வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட, வாத்தியார் கோடு.

பெரியம்மா கோட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

இப்போது அவர் பேச வேண்டும். என்னிடம் இரண்டு வசனம் இருக்கிறது.

ஒன்று: "ஐயையோ! நேத்துதான்க்கா பாத்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். சின்னதையே எடுத்துருவோமா?"

மற்றது: "வரையறதுக்கு முன்னாடியே தெரியும்க்கா. ஐம்பத்தி மூணுன்னு வரைஞ்சிருந்தா, நான் பஸ்ல வந்துக்கறேன்னு நீங்க அன்னிக்கே எந்திரிச்சிருப்பீங்க."

உங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எனக்கும் அதுதான். அதனால்தான் எனக்கு அதன்மேல் சந்தேகம். கணக்கு வாத்தியார் அகலத்தில் ஏமாறுவாரா என்பீர்கள். இதே மனிதர் போன மாதம் இரண்டு கால்களுக்கு இரண்டு ஜோடியிலிருந்து செருப்பு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். பென்சில் கோட்டைப் போட்டது நான்தான். சாக்பீஸுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

8

விமர்சனத்தைத் திறந்து அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டேன். "பின்சீட்டின் நடு இடம்:" என்று எழுதி அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். மேடு இருக்கிறது. திண்டு இல்லை. கால் மரக்கும். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஒரு நிறையை எழுதாமல் விட்டிருக்கிறேன்: நடுவில் உட்காருகிறவர் ஏறி நகர்ந்து உட்காரும்வரை மற்றவர்கள் கதவைச் சாத்த முடியாது. காத்திருந்துதான் ஆக வேண்டும்.

ஷோரூம் வாசலில் வண்டி நிற்கிறது. பெரியம்மா காலை உதறிக்கொண்டு நிற்கிறாள். யாரோ பின்கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்கள்.

யார் என்று, நாற்பத்திரண்டாவதாகக் கேட்டவரே, இதைப் படித்தால் நீங்களே சொல்லுங்கள்.