கன்றுத் தலைக்குப் போட்ட உப்பு

"வெயில்ல காய வெக்கத்தான் சொன்னேன், உப்பு போடச் சொன்னனுங்களா நங்கையா, உப்ப—"

"உப்பு போடாம எந்த ஊர்ல தலைய—"

"ஒரு கையா ரெண்டு கையா, மூக்குத் தொளை நாலும் அடைச்சுக் கெடக்குது, பதினோரு நாளா நான் அந்த வண்டுகளத் திட்டிட்டு—"

"வண்டத் திட்டுனீங்கன்னா திட்டிட்டுப் போங்க. என்னைய எதுக்குங்க திட்டறீங்க?"

காளியாத்தாள் வாயில் 'ங்க' வந்ததும் புவனா வாயை மூடிக்கொண்டாள். நங்கையா என்றால் கணவனின் அக்கா; காளியாத்தாள் புவனாவைவிட எட்டு வயது மூத்தவள். சாதாரண நாளில் புவனாவை வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால்தான் மரியாதை வரும். ஊரே பிரியத்துக்குப் போடுகிற 'ங்க'வை அவள் கல்லெறிகிற மாதிரி எறிவாள்.

புவனாவின் கையில் இருந்தது ஒரு கன்றுக்குட்டியின் தலை. தோலுரித்து, கண்ணும் நாக்கும் எடுத்துக் காயவைத்த தலை. நெற்றி ஒன்று, அதற்குக் கீழே முகம் இரண்டு. இரண்டு மூக்கு, இரண்டு வாய், கண்குழி மூன்று. நடுவில் இருந்த குழி இரண்டு முகத்துக்கும் பொது.

கோவையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தை இருபத்தேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் புவனா. ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்த பாம்புகள், தையல் விட்டுப்போன கீரி, யாரோ எந்தக் காலத்திலோ வாங்கிவைத்த ஆமை ஓடுகள். அவளாகக் கொண்டுவந்து வைத்தது என்று அங்கே ஒன்றும் கிடையாது. இந்தத் தலை ஒன்றுதான் வாய்த்தது. இரண்டு முகமும் எந்த எலும்பில் பிரிகின்றன, மூளைக்கு இடம் ஒன்றா இரண்டா என்று சதையெல்லாம் போன பிறகு பார்க்கவேண்டும், பையன்களுக்கும் பெண்களுக்கும் காட்டவேண்டும். இதைப்போல இன்னொன்று அவள் பணிக்காலத்தில் கிடைக்கப்போவதில்லை.

கறி இருக்கிற மண்டையோட்டைச் சுத்தம் செய்ய வேகவைத்துச் சுரண்டுவதுதான் கல்லூரியில் வழக்கம். கன்றுக்குட்டிக்கு அது ஆகாது. அதன் மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று கூடியிருக்காது. கொதிநீரில் போட்டால் சுளை சுளையாகக் கழன்றுவிடும். அதற்குத்தான் வண்டு. காய்ந்த கறியை மட்டும் தின்று, எலும்பை அப்படியே விட்டுவிடுகிற கருவாட்டு வண்டு.

அந்த வண்டுகளைச் சேர்க்க அவள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். ஜனவரியில் உக்கடத்துக்குப் போய், கருவாட்டு வியாபாரி அப்துல் குத்தூஸிடம், வண்டு விழுந்த கருவாடு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்கம்மா, எங்கடையில வண்டு இருக்குதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது? எங்க வாப்பா காலத்துலருந்து யாவாரம் பண்றேன். மூக்க வெச்சுப் பாருங்க."

அவள் மோந்து பார்த்து, நல்ல சரக்கு என்று ஒப்புக்கொண்டு, கால் கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பஸ் நிறுத்தம்வரை அவரே பின்னால் வந்தார். வாய் கட்டிய ஒரு சின்னச் சாக்கைக் கையில் கொடுத்து, இது எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் மேட்டுப்பாளையம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

முதல் கூட்டத்தைத் தெர்மாகோல் பெட்டியில் விட்டாள். புழுக்கள் கூட்டுப்புழுவாக இடம் தேடி நாலு பக்கமும் துளை போட்டுக்கொண்டு வெளியே வந்து, கிருபாசங்கரின் கணக்கு நோட்டு அட்டைக்குள் குடியேறின. கிருபாசங்கர் அவள் கணவன், தேங்காய் நார் வியாபாரம், யார் பேசினாலும் தலையாட்டுகிறவன். அன்றைக்கு மட்டும் ஆட்டவில்லை. இரண்டாவது கூட்டத்துக்குக் கருமத்தம்பட்டியில் தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கழிவு நூலைப் படுக்கையாகப் போட்டாள். பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சி அதில் இருந்திருக்கிறது. பத்து நாளில் பச்சைப் பூசணம். மூன்றாவதை எறும்பு கொண்டுபோனது. நாலாவதுதான் நின்றது. பழைய மீன்தொட்டி, அடியில் சுத்தப் பஞ்சு, மேலே கம்பி வலை, தொட்டிக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில், ஓரத்தில் ஒரு நாற்பது வாட் பல்பு. உப்பில்லாமல் காயவைத்த கோழிக் கழுத்தை வாரம் இரண்டு முறை போட்டுப் போட்டு, மார்ச் கடைசியில் தொட்டி நிறைந்தது. காதை வைத்தால் பொரி கொறிக்கிற சத்தம் கேட்டது. கிணத்துக்கடவுத் தோட்டத்து வீட்டின் பின்னால் மோட்டார் ரூமில் இது நடந்துகொண்டிருந்தது. காளியாத்தாள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். கோழிக் கழுத்தை மனுசனுக்குக் குழம்பு வைக்காமல் வண்டுக்கு விருந்து வைக்கிற சீமாட்டி என்று ஃபோனில் யாரிடமோ சொன்னது புவனாவின் காதில் விழுந்தது.

ஏப்ரலில் காளியாத்தாளின் மயிலைப் பசு கன்று போட்டது. வீட்டில் மாடு இரண்டும் அவளுடையவை. புல்லறுப்பது, பால் கறப்பது, பேசுவது எல்லாம் அவள். கன்று இரண்டு முகத்தோடு விழுந்தபோது பார்க்க ஊரே வந்தது. நிற்க முடியவில்லை. காளியாத்தாள் மடியில் போட்டுக்கொண்டு, ஃபீடிங் பாட்டிலில் ஒரு வாய்க்குக் கொஞ்சம், இன்னொரு வாய்க்குக் கொஞ்சம் என்று பால் கொடுத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் செத்துப்போனது.

குழி வெட்டிய பிறகுதான் புவனா தலையைக் கேட்டாள். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் கணவனை விட்டுக் கேட்கவைத்தாள். காளியாத்தாள் போய் மயிலைக்குப் புல் போட்டுவிட்டு வந்தாள். கடைசியில், எடுத்துக்கொள், அடுப்பில் மட்டும் ஏற்றக்கூடாது என்றாள். என் மயிலையின் கன்று கறிச்சட்டியில் கொதித்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. புவனா சத்தியம் செய்தாள். அடுப்பில் ஏற்றும் எண்ணம் அவளுக்கு முதலிலேயே இல்லை என்பதால் சத்தியம் லேசாக வந்தது.

தலையைத் தோலுரித்து மொட்டைமாடியில் காயவைத்த மறுநாள், மேட்டுப்பாளையத்தில் செய்முறைத் தேர்வு நடத்த அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள். காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக வற்றக் காயட்டும் என்று காளியாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது தலை கல்மாதிரி காய்ந்திருந்தது. சந்தோஷமாகத் தொட்டியில் வைத்தாள்.

வண்டுகள் ஏறின, இறங்கின. வாய் வைக்கவில்லை. பல்பை மாற்றினாள். பஞ்சை மாற்றினாள். வயிறு காய்ந்தால் தின்னும் என்று கோழிக் கழுத்தை நிறுத்தினாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. பதினோராம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூக்குத் துளைக்குள் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

உப்புக்கண்டம் போடுகிற கை பழக்கத்தில் போட்டிருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். கறி என்றால் உப்பு, வெயில் என்றால் உப்பு; யாரைக் குறை சொல்வது, சொல்லாமல் போனது தன் தப்பு என்றுகூடத் தணிந்து வந்தாள்.

"செரி விடுங்க நங்கையா. உப்புக்கண்டம்னு நெனச்சுப் போட்டுட்டீங்க. நானும் சொல்லல."

"உப்புக்கண்டமா?" காளியாத்தாள் திரும்பி நின்றாள். "எங்கன்னுக்குட்டிய உப்புக்கண்டம் போடறவளா நானு? மாடு கன்னு செத்தா உப்பு போட்டுத்தான மூடுவோம். உடம்புக்கு எந்தம்பி... உம்பட ஊட்டுக்காரன் ஒரு படி போட்டு மூடுனான். தலைக்கு ஆரு போடறது? நீ போட்டியா?"

ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் புவனாவுக்குத் தெரிந்தது. இரண்டு நாளும் காளியாத்தாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, காக்காயை ஓட்டிக்கொண்டு, பிடி பிடியாக உப்பு வைத்து, மூக்கிலும் வாயிலும் திணித்து, பழைய சேலைத் துணியால் ஒரு ராத்திரி மூடியும் வைத்திருக்கிறாள். காலையில் உதறிவிட்டு மறுபடி வெயிலில் வைத்திருக்கிறாள். மண் இல்லாத அடக்கம்.

அதன் பிறகு சண்டை போடவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. தலையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினாள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, கன்றைப் புதைத்த தென்னைக்கடியில்தான் ஊற்றவேண்டும் என்றாள் காளியாத்தாள். புவனா குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நாற்றம் எடுக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து மறுபடி காயவைத்தாள். இந்த முறை தானே லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காளியாத்தாள் படிக்கட்டுவரை வந்து பார்த்துவிட்டு, ஒரு குடையை வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் தொட்டியில் வண்டு பாதிக்குமேல் போயிருந்தது. பசியில் பெரிய புழுக்கள் கூட்டுப்புழுக்களைத் தின்றிருந்தன. பஞ்சைக் கிளறினால் புழுக்கள் கழற்றிப்போட்ட வெறும் சட்டைகள். இருந்ததை வைத்துத் தொடங்கினாள். இடது முகத்தில் ஏறின. ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து மூக்கெலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. அன்றைக்கு அவள் மோட்டார் ரூமை விட்டு வரவே இல்லை. கன்னத்தெலும்புவரை முடித்தன. ஜூன் பிறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்தன, கரண்டு போய்ப் போய் வந்தது, பல்பு எரியாத நாளில் வண்டுகள் பஞ்சுக்குள் முடங்கின. பஞ்சில் ஈரம் ஏறி, தூசு போன்ற சின்னப் பூச்சி பிடித்தது. ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தாள். உயிரோடு பதினாறு.

வலது முகம் அப்படியே இருந்தது. ஊறவைத்தும் உப்பு முழுக்க வெளியேறாத இடம். செருப்புத் தோல் மாதிரி இறுகியிருந்தது.

கிருபாசங்கர் யோசனை சொன்னான். புதுக் கூட்டம் சேரும்வரை ஃப்ரிஜ்ஜில் வைக்கலாமே என்றான். பால் வைக்கிற பெட்டியிலா என்று உள்ளேயிருந்து காளியாத்தாளின் குரல் வந்ததும் தலையாட்டிவிட்டான். கல்லூரியில் இருந்த ஃப்ரீசர் இரண்டு வருடமாக ஓடவில்லை. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் யாருக்குத் தெரியும் என்றான், குரலைத் தாழ்த்தி. எலும்பு கழன்றுவிடும் என்றாள் புவனா. சத்தியத்தைச் சொல்லாமல் எலும்பைச் சொன்னது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. வெயில் இல்லாத காலத்தில் புதுக் கூட்டம் சேர ஐந்து மாதம் ஆகும். இந்த ஈரத்தில் தலை ஐந்து வாரம் தாங்காது. இடது முகத்து எலும்பை வைத்துக்கொண்டு வலது முகம் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காளியாத்தாள் மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதத்தில் முதல்முறை. மூக்கைப் பொத்தவில்லை. தலையை வாங்கிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, இறுகிய பக்கத்தைத் திருப்பி, கட்டைவிரலால் நடுக் கண்குழியின் விளிம்பைத் தடவினாள்.

"இந்தப் பக்கத்து வாயிலதான் நல்லாக் குடிச்சுது" என்றாள், வலது முகத்தைக் காட்டி.

புவனா தொட்டி பல்பை அணைத்தாள்.

"நீயும் எத்தன பாடுதான் படுவே, கண்ணு. மண்ணுக்குக் குடுத்துரு. இந்தப் பதினாறு வண்டு செய்யாதத அது செய்யும்."

அது உண்மை. அதுதான் புவனாவை அதிகம் எரித்தது. மண்ணில் புதைத்தால் எறும்பும் புழுவும் ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும். வண்டு வாங்க வழியில்லாதவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். எலும்பு பழுப்பாகும், மூக்குக்குள் இருக்கிற மெல்லிய தகடுகள் சிலது போகும். ஒரு மண்சட்டியில் வைத்து, வாயை வலையால் கட்டிப் புதைத்தால் சின்ன எலும்புகள் சிதறாது. இரண்டு முகம் பிரிகிற இடம் தப்பிக்கும். இருந்த வழியெல்லாம் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம்.

சட்டி எதற்கு, மேலே மண் படவேண்டாமா என்றாள் காளியாத்தாள். படும், ஓட்டை போட்ட சட்டி என்றாள் புவனா. எந்த இடம் என்பதில் பேச்சே இல்லை. காளியாத்தாள் முன்னால் நடந்தாள். தென்னைக்கடியில், உடம்பு இருந்த மேட்டுக்குப் பக்கத்தில், மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டினாள். மண் ஈரமாக, லேசாக வந்தது. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தலைக்காகக் கையை நீட்டினாள்.

புவனா தலை இருந்த சட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொதைக்கறேனுங்க, நங்கையா. அடுத்த சித்திரைல நா இங்க வந்து தோண்டறப்போ, எடுக்க உடுவீங்களா?"