முதுகில்லாத சட்டைகள்

மலேசியாவின் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் பெர்னார்ட் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, இடுப்பு இறுக்குகிறது, கை குட்டையாகிவிட்டது என்று குறை சொன்னதில்லை. பெர்னார்ட் சுரேனுடைய சவப்பெட்டிக் கடையின் தையல்காரர். பெட்டிக்குள் பஞ்சு வைத்து வெள்ளை சாட்டின் அடிப்பதும், தலையணைக்கு லேஸ் வைப்பதும், போகிறவருக்கு உடுப்புத் தைப்பதும் அவர் வேலை.

அந்த உடுப்பில் ஒரு சங்கதி உண்டு. நாம் எவ்வளவு கெஞ்சினாலும் செத்தவர் கையை மடக்கித் தரமாட்டார். அதனால் பெர்னார்ட் முதுகுப் பக்கத்தைத் தைப்பதே இல்லை. கழுத்திலிருந்து கீழ்வரை திறந்தே விட்டுவிடுவார். முன்னாலிருந்து இரண்டு கைகளையும் நுழைத்து, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிட்டால் தீர்ந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு முன்பக்கம் மாப்பிள்ளை. புரட்டிப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

ஆயர் தாவாரில் ஒரு பருமனான சீனத் தவுக்கே முதலாளிக்குக் கோட்டுத் தைத்தபோது செலவான துணியில் ஒரு கல்யாணக் கூடாரம் போட்டிருக்கலாம். ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆயுள் முழுக்கச் சட்டையே போடாத ஒரு மீனவருக்கு பெர்னார்டின் உடுப்பைப் போட்டதும், அவர் வளர்த்த நாயே அடையாளம் தெரியாமல் அவரைப் பார்த்துக் குரைத்தது. நம்பாதவர்கள் அந்த நாயைப் போய்க் கேட்கலாம். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், வெண்டி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கி, ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும், அவள் புருஷன் கோலினைக் கூட்டிக்கொண்டு செமோரில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்தாள். அந்தத் தாமான் குடியிருப்பே பெர்னார்ட் பிறந்த கித்தாத் தோட்டத்தின் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுக் கட்டியதுதான். மரம் போனாலும் கொசு மட்டும் காலி பண்ண மறுத்துவிட்டது. கொசுவை அடித்தபடியே வெண்டி பேசினாள்.

“அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்கக் கூடாது. பிள்ளைக்கு நீங்க ஒண்ணும் தைக்க வேணாம்.”

“நான் எங்கம்மா தச்சேன்?”

“இதுவரைக்கும் தைக்கல. இனிமேலும் வேணாம். ஒரு கைக்குட்டைகூட வேணாம். சாவுக்குத் தைக்கிற கைன்னு பேசுறாங்க.”

“யாரு பேசுறது?”

“எல்லாரும்தான்.” வெண்டி தலையைக் குனிந்துகொண்டாள். “நானும்தான்.”

கோலின் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. பெர்னார்டின் மனைவி ரோசரி பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். பெர்னார்ட், “சரிம்மா” என்றார். அவ்வளவுதான்.

வெண்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெர்னார்டுக்கு வேலை ஒரு சட்டைத் தொழிற்சாலையில். அவளுடைய கவுன் எல்லாம் அவர் தைத்ததுதான். தொழிற்சாலை மூடிய பிறகு உயிரோடு இருப்பவர்களுக்குத் தைக்க யாரும் வேலை தரவில்லை. சுரேனுடைய அப்பாதான் செத்தவர்களுக்குத் தைக்கும் வேலை தந்தார். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

கொடுத்த வாக்கை அவர் ஒரு வாரம் காப்பாற்றினார். பிறகு அவருக்கு ஒரு சட்ட நுணுக்கம் தோன்றியது. சாவுக்குத் தைத்த கை எது? வலது கை. இடது கை பாவம், துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஊசி பிடித்ததில்லை, கத்தரி பிடித்ததில்லை. அது சாவு வீட்டுக் கை ஆகுமா? வழக்கைக் கேட்டவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. இடது கை நிரபராதி என்று விடுதலையானது.

மறுநாளே ஈப்போவில் ஷரபுதீன் துணிக்கடைக்குப் போனார்.

“வாங்கண்ணே. வெள்ளை சாட்டின் தானே? வெட்டி வைக்கிறேன்” என்றார் ஷரபுதீன்.

“சாட்டின் வேணாம். பருத்தி. பூப் போட்டது, வாத்துப் போட்டது, அந்த மாதிரி.”

“வாத்தா?” ஷரபுதீன் மீட்டர் கட்டையைக் கீழே வைத்தார். “யாருண்ணே செத்தா, சர்க்கஸ்காரனா?”

“யாரும் சாகல லா. வெட்டு.”

புது ஊசி, புது நூல், புதுக் கத்தரி எல்லாம் வாங்கினார். மதிய நேரங்களில் ரோசரி கோவில் ஜெபக் கூட்டத்துக்குப் போனதும் பின்கட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வார். இடது கை முதலில் ஊசியைக் கண்டால் ஓடியது. குத்துப்பட்டு, வீங்கி, ஊசியை விட்டெறிந்து முரண்டு பிடித்தது. கடைசியில் வழிக்கு வந்தது. எப்படி வந்தது என்றால், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு கண்ணை மூடியபடி நூல் கோக்கும் அளவுக்கு வந்தது. தையல் மட்டும் கோணலாகவே விழுந்தது. கள்ளுக்கடைக்குப் போய்த் திரும்பிய எறும்புகள் வரிசையில் நடக்க முயன்ற மாதிரி இருந்தது.

முதலில் பச்சைக் குழந்தைக்குச் சட்டை, தொப்பி, கால் உறை. அப்புறம் பஞ்சு அடைத்த பந்து, ஆட்டினால் மணி குலுங்கும் மீன், ஒரு யானை. பிறகும் கை நிற்கவில்லை. சாவுக்குத் தைக்கிறவனுக்கு ஓர் அளவு போதும், ஆள் அதற்கு மேல் வளரமாட்டார். உயிருள்ள பிள்ளையோ வளரும். அந்த நினைப்பே அவரைத் தலைகால் புரியாமல் செய்துவிட்டது. ஒரு வயதுக்குக் கவுன் தைத்தார். இரண்டு வயதுக்குத் தைத்தார். தீபாவளிக்குக் கூப்பிடும் சிநேகிதி வீட்டுக்குப் போட்டுப் போகப் பாவாடை சட்டை, கோவிலில் புது நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளை உடுப்பு, கடைசியில் ஒன்றாம் வகுப்புச் சீருடையான நீல பினாஃபோர்வரை போய்விட்டார்.

ஒருநாள் ஜெபக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ரோசரி வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

“ஓஹோ” என்றாள் அவள். “தொடைக்கடியில என்ன, முட்டை அடை காக்கிறீங்களா?”

அவர் கையை வெளியே எடுத்தார். ரோசரி திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அவள் அலமாரியில் அவர் தைத்து ஒளித்திருந்ததை எல்லாம் அள்ளி அங்கே கிடந்த பழைய கட்டிலில் பரப்பினாள். யானையைத் தூக்கிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். வாத்துப் போட்ட சின்னச் சட்டையை முகத்தில் வைத்து மோந்தாள். பிறகு அதைத் திருப்பினாள். சிரிப்பு நின்றது.

“என்னங்க இது? முதுகையே காணோம்.”

“எங்க?”

“எங்கன்னா? இங்கதான். பொத்தான் இல்ல, நாடா இல்ல, கீழ வரைக்கும் தொறந்து கெடக்கு.”

பெர்னார்ட் வாங்கிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கும் முதுகில்லை. கவுனுக்கு இல்லை, பாவாடைச் சட்டைக்கு இல்லை, நீல பினாஃபோருக்கும் இல்லை. முன்னால் ஒவ்வொன்றும் அப்படி ஓர் அழகு. கையை மாற்றினாரே ஒழிய, துணியைப் பார்த்து அளவு சொல்லும் கண்ணை அவர் மாற்றவில்லை. அது இத்தனை வருஷமாக அதற்குத் தெரிந்த ஒரே உடுப்பைத்தான் வெட்டச் சொல்லியிருந்தது. பிறக்காத பேத்திக்கு, பள்ளிக்கூடம் போகிற வயதுவரைக்கும், அவர் சாவுடுப்புத் தைத்து அடுக்கியிருந்தார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“வெண்டி கண்ணுல படக் கூடாது” என்றாள் ரோசரி. “துணி மிச்சம் இருக்குல்ல? ஒவ்வொண்ணுக்கும் முதுகு வெட்டிச் சேருங்க. இப்பவே ஆரம்பிங்க.”

அவர் வாத்துத் துணியை விரித்துக் கத்தரியை எடுத்தார். அப்போது கோலினிடமிருந்து போன் வந்தது. ஏழாவது மாதத்திலேயே வெண்டிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பிள்ளை அன்று பொழுது சாயப் பிறந்து மறுநாள் மத்தியானம்வரை இருந்தது. பெர்னார்ட் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். தைக்கும்போது அவர் விரலில் மாட்டும் அங்குஸ்தானுக்குள் அவள் முஷ்டி அடங்கியிருக்கும். நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போன ரோசரி, காகிதக் கோப்பையில் இருந்த தண்ணீரைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்து, ஆக்னஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்தாள். அந்தப் பெயரை யாரும் இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்தது.

அடுத்த நாள் காலையில் சுரேன் கடையின் பின்னறைக்கு ஆக்னஸைக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி வெண்டிதான் மடியில் வைத்திருந்தாள். பெட்டியைச் சுரேனே செய்திருந்தான். அவ்வளவு சின்ன அளவுக்குப் பலகை அறுப்பது அவனுக்கும் கைவராமல் இரண்டு தடவை வீணாக்கியிருந்தான்.

கோலின் துணிக்கடையில் வாங்கி வந்த சட்டையைத் தலை வழியாக மாட்டப் பார்த்தார்கள். அதற்குள் ஆக்னஸ் முழுசாகக் காணாமல் போனாள். கையை நுழைக்க முடியவில்லை. சுரேன் மெல்ல இழுத்தான்.

“இழுக்காதீங்க!” என்று வெண்டி கத்தினாள். “வலிக்கும்.”

சுரேன் கையை எடுத்துக்கொண்டான்.

“துண்டோடயே வச்சிடலாம் அக்கா” என்றான் சுரேன்.

“ஆஸ்பத்திரிப் பேரு போட்ட துண்டோடயா? உடுப்பு இல்லாம நான் அனுப்ப மாட்டேன்.”

பெர்னார்ட் ரோசரியைப் பார்த்தார். காலையில் அவள் ஏன் அவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவருக்குத் தெரியும். சுரேன் அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். வெண்டி போட்ட தடை அவனுக்குத் தெரியும், மீதியை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

“அங்கிள், இப்பத்தான் என் மிஷின்ல தச்சேன்னு சொல்லிடுங்க லா. ஒரு பொய்தானே.”

பெர்னார்ட் திரும்பி வந்து, ரோசரியின் பைக்குள் கையை விட்டு, வாத்துப் போட்டதில் ஆகச் சின்னதை எடுத்து நீட்டினார்.

“எப்ப தச்சீங்க?” என்றாள் வெண்டி.

“இப்பத்தாம்மா. சுரேன் மிஷின்ல.”

அவள் தையல்காரன் மகள். விரலை ஓட்டிப் பார்த்தாள். “இது மிஷின் தையலா?” என்றாள். திருப்பினாள். திறந்து கிடந்த முதுகைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா சவப்பெட்டிக் கடைக்குப் போனதிலிருந்தே அந்த உடுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்ப இவ பொறக்கறதுக்கு முன்னாடியே...” அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “இவ நிக்க மாட்டான்னு முடிவு பண்ணி, இதைத் தச்சு வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தீங்களா?”

பெர்னார்டுக்கு அதைவிடக் கொடுமையாக யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பதில் இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

“இடது கையாலதாம்மா தச்சேன்” என்றார்.

“எந்தக் கையா இருந்தா என்ன!”

ரோசரி பையைத் தூக்கிச் சாட்டின் வெட்டும் மேசைமேல் தலைகீழாகக் கொட்டினாள். கவுனும் பாவாடையும் மீனும் பந்தும் சிதறின. மணி குலுங்கியது.

“பாருடி! நல்லாப் பாரு! செத்துப் போற பிள்ளைக்கு எவனாச்சும் ஸ்கூல் பினாஃபோர் தைப்பானா? உங்கப்பா ஒரு முட்டாள். இத்தனை வருஷம் ஒரே மாதிரி வெட்டி வெட்டி, அந்த மண்டையில வேற எதுவும் இல்லாமப் போச்சு. முட்டாள்தானே ஒழிய, நீ சொல்ற ஆளு இல்ல!”

வெண்டி அசையவில்லை. கோலின்தான் மேசைக்குப் போனான். அவனுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“இது என்ன மாமா, பன்னியா?”

“யானை.”

“தும்பிக்கை?”

“இந்தா, இதுதான்.”

“வாலுன்னு நெனச்சேன்” என்றான் கோலின். சொல்லிவிட்டு யானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு நின்றான்.

வெண்டி ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி எழுந்து வந்தாள். மறு கையால் பினாஃபோரை இழுத்தாள். முதுகைப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். அங்கே துணி கனமாக இருந்தது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சாண் துணி மடிந்து கிடந்தது. கவுனின் ஓரத்தைப் பிடித்தாள், அதிலும் அப்படித்தான். பெட்டியில் படுக்கிறவருக்கு எந்தத் தையல்காரனும் ஓரத்தில் துணி விடுவதில்லை.

“இவ்வளவு எதுக்கு மடிச்சு விட்டீங்க?”

“வளந்தா இறக்கி விட்டுக்கலாம்னு.”

அவள் வெகுநேரம் அந்த மடிப்பிலேயே விரலை வைத்திருந்தாள். வெளியே சுரேனுடைய ஆள் வண்டியைக் கழுவும் சத்தம் கேட்டது.

“நான் வேணாம்னு சொன்னேன்ல?” என்றாள்.

“சொன்ன.”

“கேக்கல நீங்க.”

“கேக்கலம்மா.”

“அதை நான் மறக்க மாட்டேம்ப்பா.”

“சரிம்மா.”

அவள் மேசையில் ஒரு மூலையை ஒதுக்கி, துண்டைப் பிரித்தாள். வாத்துப் போட்ட சட்டையை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

பெர்னார்ட் சட்டையை எடுத்தார். பேராக் மாநிலத்தின் பாதி ஜனத்துக்கு உடுத்திவிட்ட மனிதருக்கு எந்தக் கையை நீட்டுவது என்று தெரியவில்லை. இரண்டையும் நீட்டினார்.

வெண்டி குனிந்து பிள்ளையை மெல்லத் தூக்கி அவர் உள்ளங்கைகளில் வைத்தாள்.

“தலையப் பாத்துப் புடிங்கப்பா” என்றாள். “கழுத்து இன்னும் நிக்கல.”