வௌவால் அக்காவுக்கு என்ன கேட்டது?

1

இந்தக் கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. என் மச்சான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கடையில் உட்கார்ந்திருந்தான். கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பிளேயர். பாட்டுப் பாடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத கருவி அது. போன் பேசாது, படம் எடுக்காது, விலையைச் சொன்னால் நம்மையும் பேச விடாது. கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி, "இப்போ வித்தியாசம் தெரியுதா சார்?" என்றார். மச்சான் கண்ணை மூடி மெதுவாகத் தலையாட்டினான். பக்கத்தில் காத்திருந்த இரண்டு பேர், காதில் ஒன்றுமே இல்லாமல், அவர்களும் ஆட்டினார்கள்.

வாங்குகிறவன் தலையாட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பேரம் பேசியே சோறு தின்ற வீட்டில் வளர்ந்த எனக்கு வேறொரு கேள்விதான் வந்தது. விற்கிறவருக்கு அது கேட்கிறதா?

அந்தக் கடைக்காரரையே எழுதினால் மச்சானுக்குத் தள்ளுபடி போய்விடும். ஆகவே இந்தக் கதையில் கடை வேறு, கடைக்காரர் ஒரு பெண்மணி. மச்சானையும் எடுத்துவிட்டேன். நஷ்டம் ஒன்றும் இல்லை.

2

தொடக்கத்துக்கு மூன்று சரக்கு எடுத்துப் போட்டேன். பாருங்கள்.

"இசை என்பது மனிதனுக்கும் மௌனத்துக்கும் இடையே—"

இப்படி ஆரம்பித்தால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.

"அன்று காலையிலிருந்தே மழை—"

மழைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. சும்மா நனைவானேன்?

"'மேல எல்லாம் போயிடுச்சு அண்ணி' என்றான் கொழுந்தன்."

இது இருக்கட்டும்.

கொழுந்தன் காது பரிசோதிக்கிறவன். அண்ணியை, அதாவது நம் கடைக்கார அக்காவை, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னான். முதலில் கை தூங்காமல் வேலை செய்தது. போகப் போக மடியிலேயே இருந்துவிட்டது. வெளியே வந்ததும் திரையில் ஒரு கோட்டைக் காட்டினான். மேசை மாதிரி நேராகப் போன கோடு, ஓர் இடத்தில் மேசை விளிம்புக்கு வந்ததுபோல் கீழே விழுந்தது.

"மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"மிஷின் புதுசு அண்ணி. பயப்படாதீங்க, அம்பது தாண்டினா எல்லாருக்கும் இப்படித்தான். பேசுறது, பாட்டு, காலிங் பெல் எல்லாம் நல்லாக் கேக்கும். ரொம்ப உச்சியில இருக்கிற சத்தம் மட்டும்தான் இல்லை. அது யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்டா. அதைத்தானே விக்கிறேன்."

"நீங்க விக்கிறது சின்னப் பிள்ளைக்கே கேக்காது அண்ணி. நாய்க்கு வேணா கேக்கும்."

"நாய்க்குக் கிரெடிட் கார்டு கிடையாதே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாத" என்று சொல்லி, உடனே, "வேண்டாம், நானே சொல்றேன்" என்று திருத்திக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

3

(இங்கே கதையை நிறுத்தி விவரம் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

ஒரு பாட்டைக் கோப்பாக்கும்போது, இடம் மிச்சம் பிடிக்க, காதுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் சில பகுதிகளை வெட்டிவிடுவார்கள். அது எம்பி3. வெட்டாமல் மடித்து மட்டும் வைத்தால் ஃபிளாக். இதெல்லாம் போதாது, ஒரு பாட்டுக்கு ஓர் அலமாரி இடம் கொடுத்தாலும் பரவாயில்லை என்றால் டிஎஸ்டி. சின்னக் கோப்புக்கும் பெரிய கோப்புக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும் என்பவர்கள் ஒரு கட்சி. கேட்காது என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு கடை வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அக்கா வைத்தாள். மாடியில் ஒற்றை அறை, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை, நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. ஒரு மூலையில் அவள் கணவர் தலை குனிந்து, ஈயம் உருக்கிக் கேபிளுக்குப் பற்றுவைத்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். கையில் பிளேயரும் கண்ணில் சந்தேகமுமாய் வருவார்கள். அக்கா அதை வாங்கி அரை நிமிடம் கேட்பாள். "மேல கொஞ்சம் கூசுது" என்பாள், அல்லது "ம், சுத்தம்" என்பாள். அதற்கு மேல் விவாதம் கிடையாது. மனிதக் காதுக்கு எட்டாததும் அவளுக்கு எட்டும் என்று பேச்சு பரவி, முதுகுக்குப் பின்னால் வௌவால் அக்கா என்றார்கள். அவள் காதில் அதுவும் விழுந்தது. பெயர்ப்பலகையில் ஒரு சின்ன வௌவாலை வரையச் சொல்லிவிட்டாள்.

(ஓரக் குறிப்பு: இந்தத் தொழிலில் ஒரு கைவேலை உண்டு. இரண்டு பிளேயரை மாற்றி மாற்றிக் கேட்க வைக்கும்போது, விலை கூடியதன் சத்தத்தை ஒரு பொட்டு கூட்டி வைப்பார்கள். சத்தம் கூடியது எதுவானாலும் காதுக்கு நல்லதாகவே படும். அக்கா இதை ஒருநாளும் செய்ததில்லை. என் கதாநாயகி என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.)

4

இப்போது பல் டாக்டர் வருகிறார். கடையின் பெரிய வாடிக்கையாளர். முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன். நக்கல் சிரிப்பு, நெற்றியில் ஏறிய புருவம், "நிரூபிங்க பாக்கலாம்" என்று ஒரு சவால். அப்படி எழுதினால் அவர் ஏன் மூன்று பிளேயர் வாங்கினார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அடித்துவிட்டேன். அவர் நம்புகிறவர். நம்புகிறவர்கள்தான் அதிகம் ஆபத்து.

வெளிநாட்டு பிளேயர் கம்பெனியின் ஆள் ஒருவர் ஏஜென்சி கொடுக்கக் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு அக்காவிடமும் வந்திருந்தார். அந்த ஏஜென்சி கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் தெருக்கோடியில் திறக்கப்போகும் பளபளப்பான கடைக்குப் போகும். இவர்கள் கேபிள் வெட்டிக் காலம் தள்ள வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் உள்ளே நுழைந்தார்.

"சார், நீங்க ஏஜென்சி கொடுக்கவேண்டியது இந்தக் கடைக்கு இல்லை, இந்தக் காதுக்கு. வேணும்னா ஞாயித்துக்கிழமை ஒரு பரீட்சை வச்சிருவோம். ஒரே பாட்டு, சின்னக் கோப்பு, பெரிய கோப்பு. துணி போட்டு மறைச்சு நான் மாத்தி மாத்திப் போடுறேன். பத்துல ஒம்பது அக்கா சரியாச் சொல்லிடுவாங்க."

"நல்ல யோசனை" என்றார் கம்பெனிக்காரர். "நம்ம புது மாடல்லயே வச்சுக்கலாம்."

போகும்போது டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்க ஜெயிச்சாகணும். பாத்திரம் கழுவுற சத்தத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு என் சம்சாரம் கேக்குறா. ஒருநாளாவது நான் வீட்டுல தலை நிமிந்து நடக்கணும்."

அதனால்தான் அக்கா கொழுந்தனிடம் போனாள். பரீட்சைக்கு முன் பேனாவை எழுதிப் பார்ப்பதுபோல, ஒரு நம்பிக்கைக்காக.

5

"வயித்து வலின்னு சொல்லிடு" என்றார் கணவர். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய ரேடியோ கரகரத்தது. அவருக்கு அது போதும்.

"வயித்து வலிக்கும் காதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சரி, காது வலின்னு சொல்லு."

"நல்லா இருக்கே! சாப்பாட்டுக் கடைக்காரன் எனக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு போர்டு வைக்கிற மாதிரி."

அவர் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இத்தனை நாள் கேட்டுச் சொன்னியே, அப்பல்லாம் என்ன கேட்டுச்சு?"

"தெரியலைங்க. கேட்டுச்சு."

(இந்த இடத்தில் அவளை அழவிடலாமா என்று யோசித்தேன். வெங்காயமும் கைவசம் இருக்கிறது. ஆனால் அவள் அழுகிற ஆள் இல்லை. தட்டை எடுத்து வைத்தாள்.)

6

ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. மேசைக்குப் பின்னால் கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் பல் டாக்டர், பல் பிடுங்கும்போது இருக்கும் அதே முகத்தோடு. இரண்டு கோப்புக்கும் சத்தம் ஒரே அளவு என்று மீட்டர் வைத்துச் சரிபார்த்திருந்தார். கம்பெனிக்காரர் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள்.

முதல் முறை. பாட்டு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பாட்டுக்குள் சிலம்பு மாதிரி ஒலித்த ஒரு தாளக் கருவியின் உச்சிச் சிணுங்கலைத் தேடிப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை, விளக்கணைந்த மாடி.

"பெரிசு" என்றாள், ஒரு குருட்டுத் தைரியத்தில்.

"சரி!" என்றார் டாக்டர். கூட்டம் முணுமுணுத்தது.

இரண்டாம் முறையும் அதே தைரியம். "பெரிசு."

"தப்பு." டாக்டரின் குரல் உடைந்தது. "பரவாயில்லை அக்கா, இன்னும் எட்டு இருக்கு. எட்டையும் அடிச்சா ஒம்பது."

மூன்றாம் முறை அவள் தேடுவதை விட்டுவிட்டாள். வருவது வரட்டும் என்று உட்கார்ந்தாள். பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பு—

டிக்.

பாட்டில் இல்லை. பாட்டுக்கு முன்னால். யாரோ அறைக்குள் நுழைவதற்கு முன் நகத்தால் கதவைத் தொட்டதுபோல. இத்தனை பிளேயரைக் கையில் வாங்கியவளுக்குச் சட்டென்று பிடிபட்டது: பெரிய கோப்பைப் பாட பிளேயருக்கு உள்ளே வேறு வழி திறக்க வேண்டும். திறக்கும்போது இந்த மாடல் ஒரு சின்னச் சத்தம் போடுகிறது. சின்னக் கோப்புக்கு அது தேவை இல்லை.

"பெரிசு" என்றாள்.

"சரி!"

நான்காம் முறை டிக் இல்லை. "சின்னது." சரி. ஐந்து, ஆறு, ஏழு. அக்கா இப்போது பாட்டைக் கேட்கவே இல்லை. பாட்டு தொடங்குவதற்குள் பதில் அவளிடம் இருந்தது. மரியாதைக்காகக் கொஞ்சம் காத்திருந்து சொன்னாள். கடைசி முறை அவள் "சின்னது" என்றபோது டாக்டர் துணியை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

அக்கா கண்ணைத் திறந்தாள். எதிரே கம்பெனிக்காரர். அவர் மட்டும் தட்டவில்லை. அவர் கம்பெனிப் பிளேயர் அல்லவா? அதன் பிசகு அவருக்குத் தெரியாதா? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னால் அவளுக்குப் பரீட்சை போயிற்று. சொன்னால் அவருக்குப் புது மாடல் போயிற்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற இரண்டு வியாபாரிகள் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. பேரம் முடிந்திருக்கும்.

"ஏஜென்சி உங்களுக்குத்தான் அக்கா" என்றார் அவர்.

7

இங்கே கதை சுபமாக முடிந்திருக்கும், பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டிருந்தால். பிறர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர். அவர் கேட்டார்:

"எதை வச்சுக்கா கண்டுபிடிச்சீங்க? அந்த வித்தியாசத்தை எனக்கும் சொல்லிக் கொடுங்க. நானும் கேக்கணும்."

நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

அ. "காதை வச்சுத்தான் டாக்டர்" என்று சிரிக்கிறாள். பொய்யே இல்லை. கேட்கச் சொன்னார்கள், கேட்டாள். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு, அதனாலேயே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. நாளைக்கு ஒருவன் பிளேயரை நீட்டி "கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றால், அவள் எதைக் கேட்பாள்?

ஆ. எல்லார் முன்னாலும் "டிக்குன்னு ஒரு சத்தம்" என்று போட்டு உடைக்கிறாள். கூட்டம் நெகிழ்கிறது, ஒருவர் கண்ணைத் துடைக்கிறார், ஏஜென்சி போனாலும் மானம்— இல்லை. இதை எழுதிவிட்டு ஒரு காப்பி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஒருவரும் நெகிழவில்லை. தெருக்கோடிக் கடைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இ. கம்பெனிக்காரரை ஓரம் கட்டி, "டிக் விஷயம் வெளியே வராது, லாபத்துல கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்கிறாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவர்கள் சத்தத்தை ஒரு பொட்டு கூட்டியும் வைத்திருப்பார்கள்.

மூன்றிலும் நான் ஒன்றை மறந்துவிட்டேன். டாக்டர் கேட்டது அவளுடைய யோக்கியதையைப் பற்றி அல்ல. தனக்கும் கேட்க வேண்டும் என்றார்.

8

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்தாள்.

"இங்க வந்து உக்காருங்க டாக்டர்."

"நானா?"

"நீங்கதானே கேக்கணும்னீங்க."

கம்பெனிக்காரர் இருமினார். "அக்கா, அதெல்லாம் இன்னொரு நாள் வச்சுக்கலாமே. கையெழுத்தை முடிச்சிட்டா…"

"ஒரு நிமிஷம் சார். உக்காருங்க."

அவள் கணவர் மூலையில் பற்றுவைப்பதை நிறுத்தி நிமிர்ந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் மட்டும் அவருக்குப் புரியும்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அக்கா ஹெட்போனை அவர் காதில் வைத்து, இரண்டு பக்கமும் சரிசெய்தாள். பிளேயரைக் கையில் எடுத்தாள். திரையில் ஒரே பாட்டு இரண்டு வரிகளாக இருந்தது. மேலே பெரிய கோப்பு, கீழே சின்னது. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சின்னதைத் தொட்டால் அவருக்குப் பாட்டு கேட்கும். வித்தியாசம் கேட்டதாகவும் தோன்றும், அவர் நம்புகிறவர். தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். அக்காவின் காது அப்படியே வௌவாலாக இருக்கும்.

பெரியதைத் தொட்டு, "பாட்டை விடுங்க, அதுக்கு முன்னால கவனிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், அவருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடும். உண்மை கேட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் முதலில் அதற்காகத்தான் காத்திருப்பார். ஒருமுறை கேட்டதைக் காதிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள எந்தக் கடையிலும் ஏற்பாடு இல்லை.

என்னைக் கேட்காதீர்கள். நான் விற்கிற கட்சி, எந்தப் பக்கம் சொன்னாலும் அதில் என் லாபம் இருக்கும். பரீட்சையில் அவளுக்கு என்ன கேட்டது என்பது உங்களுக்கும் அவளுக்கும் கம்பெனிக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். கம்பெனிக்காரர் வாயைத் திறக்க மாட்டார். அக்கா உங்களைப் பார்க்கிறாள்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அழுத்துங்கள்.