தலைவர் சோதித்த துப்பாக்கி

லாங்கன்தால் என்ற சுவிஸ் நகருக்குப் பக்கத்து ஊர். 1986 இலையுதிர்காலம். ரூடியின் உணவகக் குசினியில், அகதியாக வந்து வேலைக்குச் சேர்ந்திருந்த தயாபரன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு மானின் வயிற்றைத் திறந்தான். குடல் சிதறி, சாணமும் இரத்தமும் கூழாகிக் கிடந்தன. சுட்டவர் குடலை எடுக்காமலே மூன்று மணி நேரம் கார் டிக்கியில் போட்டு வைத்திருந்தார். இதை இறைச்சி என்று சொல்ல நாக்கூசும்.

சுட்டவர் ஹெர் பிளாட்னர். வேட்டைச் சங்கத்துக்கும் தலைவர், ஊர்மன்றத்துக்கும் தலைவர். இரண்டு தலைமை ஒருவருக்கே கிடைத்ததில் கழுத்து வளையாமல் போயிருந்தது. முதலாளி ரூடி தன் வசதிக்கேற்ற மலிவான வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்கியிருந்தார். தலைவர் சோதித்துச் 'சரி' என்றால்தான் அவர் ஞாயிறு வேட்டைக்குப் போகலாம். காலையில் தலைவர் அதன் மரப்பிடியைத் தட்டினார், முகர்ந்தார், "வால்நட் மரம் இல்லை, வெறும் பீச் மரம்" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு காட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்போது குசினி வாசலில் நின்று தீர்ப்பு வாசித்தார்.

"நூற்றைம்பது மீற்றர். மான் பக்கவாட்டில் நின்றது. தோளுக்குக் குறிவைத்தேன், குண்டு வயிற்றுக்குப் போனது. இது துப்பாக்கி இல்லை ரூடி, தண்ணீர்க் குழாய்."

ரூடியின் முகம் செத்துப்போயிற்று.

தயாபரன் மானைப் புரட்டினான். தோளில் ஓட்டை இல்லை. விலாவிலும் இல்லை. வாலைத் தூக்கினான். அங்கே இருந்தது. தமிழில் கூப்பிட்டான்.

"குணசேகரம் அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ. ஓடுற மானுக்குக் குண்டியிலை சுட்டிருக்கிறார்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குணசேகரம் பதறி வந்தார். "வாயைப் பொத்தடா! உன்ரை விசாக் கடுதாசி அவரின்ரை மேசையிலை கிடக்கு. துவக்குப் பிழையெண்டு அவர் சொன்னால் பிழைதான்."

"பிழைத் துவக்கெண்டால் குண்டு இவ்வளவு நேராப் போகுமோ?"

"செத்த மானே பேசாமல் கிடக்கு. நீ ஏன் கதைக்கிறாய்?"

பேசாமலிருக்கத்தான் தயாபரனும் நினைத்தான். ஆனால் தலைவர் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "சீ! உன் ஆள் கத்தியால் குடலைக் கிழித்து நாறடித்துவிட்டான், ரூடி."

தயாபரன் கத்தியைக் கீழே வைத்தான். சுவரில் தொங்கிய நீண்ட இறைச்சிக் கம்பியை எடுத்து வாலடி ஓட்டையில் செருகினான். அது கிழிந்த குடலைத் தாண்டி நேரே போய், நெஞ்செலும்பில் புதைந்திருந்த குண்டில் 'டிக்' என்று முட்டி நின்றது.

ரூடி கம்பியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "குண்டு நீங்கள் காட்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, ஹெர் பிளாட்னர்."

"கடைசி நொடியில் மான் திரும்பிவிட்டது."

"முழுவதுமாகவா?"

"மட்டமான மான்" என்றார் தலைவர்.

ரூடி தன் துப்பாக்கியை அவர் தோளிலிருந்து கழற்றிக்கொண்டார். "ஞாயிறு நானும் வருகிறேன்."

தலைவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தயாபரன் பக்கம் திரும்பினார். "உன் பெயர்?"

குணசேகரம் கண்ணை மூடிக்கொண்டார்.

தயாபரன் மூக்குத் துணியை அவிழ்த்தான். தகப்பன் பெயரில் தொடங்கி எழுத்தெழுத்தாகச் சொன்னான். தலைவர் பாதியில் பிழைவிட்டார். தயாபரன் திருத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொன்னான்.