ஒரு கை உப்பு போட்ட பாட்டில்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. ராமநாதபுரம் விடுதியில், ஒரு மொழிபெயர்ப்பு நாவலை முகத்துக்கு நேரே பிடித்தபடி, பக்கத்துக் கட்டில் செவ்வந்தி யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'மண்டபத்தில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ரயில் நிலையத்தின் கணப்பு அருகே…'

(வேண்டாம். நடந்தது 2006, மே மாதம். அங்கே பெய்தது வெயில்.)

2

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் வீட்டுப் பெண் செவ்வந்தி. ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில், கோடைக்காலப் புத்தாக்க முகாமுக்காக மண்டபத்தில் பத்து நாள் தங்கினாள். அவள் பள்ளியிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் செய்த கருவி: ஒரு பேட்டரி, இரண்டு செம்புக் கம்பி, ஒரு பஸ்ஸர். கம்பிகளை உப்புத் தண்ணீரில் விட்டால் கத்தும். நல்ல தண்ணீரில் சும்மா இருக்கும். ஊர் போர்வெல் தண்ணீரில் விட்டபோது தெருவே கூடும்படி கத்தியது.

முகாமின் விதி, கடைசி நாளில் இந்த ஊர்த் தண்ணீர் ஒன்றைச் சோதித்துக் காட்ட வேண்டும். அலைக்கு இருபதடி தள்ளி, மணலில் தோண்டிய ஊற்று ஒன்றைச் செவ்வந்தி பார்த்தாள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பைத் தவிர வேறென்ன ஊறும்? ஒரு பாட்டில் மொண்டு வந்து கம்பியை விட்டாள்.

பஸ்ஸர் கத்தவில்லை.

கம்பியைச் சுரண்டினாள். பேட்டரியை மாற்றினாள். ம்ஹூம். விடிந்தால் காட்சி. அந்தப் பயத்தில் அவள்…

(இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கிவிட்டேன். நல்ல பெண் இப்படிச் செய்வாளா? தெரியவில்லை. நான் செய்திருப்பேன்.)

…சமையல்கட்டிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் பாட்டிலில் போட்டாள்.* பஸ்ஸர் கத்தியது.

* முதலிலேயே நக்கிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். கடல் பக்கத்துத் தண்ணீர் உப்புத்தான் என்று தெரிந்தவள் எதற்கு நக்கிப் பார்க்கிறாள்? கடல் பார்க்காத ஊர்க்காரர்கள் எல்லாரும் இங்கே வந்து தவறுகிற இடம் இது.

3

காட்சி நாள். அட்டையில் 'கடற்கரை ஊற்று: உப்பு' என்று எழுதியிருந்தது. பஸ்ஸர் சத்தம் கேட்டு, ஊராட்சியிலிருந்து வந்த குருநாதன் சார் நின்றார். பரமக்குடிக்காரர், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பதினைந்து நாள்தான்.

"எந்த ஊத்தும்மா?"

"அந்தா, வலைக் கொட்டகைக்குப் பின்னாடி, சார்."

குறிப்பேட்டில் எழுதினார். "நாளைக்கே செவப்புப் பெயிண்ட் அடிச்ச பலகையப் போட்டு மூடிருவோம்."

பக்கத்து மேசையிலிருந்து நஸீரா பாய்ந்து வந்தாள். மண்டபத்துப் பெண், பத்து நாளில் செவ்வந்திக்குக் கிடைத்த ஒரே தோழி.

"மூடுறதா? சார், நாங்க குடிக்கிறதே அந்தத் தண்ணியத்தான். எங்க உம்மா இன்னைக்கும் சிரட்டையால கோரிக் கோரி மூணு கொடம் எடுத்தாக."

"மிஷின் கத்துதேம்மா."

"அது கத்தும் சார். செஞ்சவளே மொளகாச் செடியத் தவிர எதையும் பார்த்தவ இல்ல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நஸீரா செவ்வந்தியின் முழங்கையை இடித்தாள். "ஏ புள்ள, மிஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்லேன்."

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. கருவி கெடவே இல்லை. நேற்று அது சும்மா இருந்ததுதான் சரி.

4

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

'கெட்டுப்போச்சு சார்' என்கிறாள். ஊற்று பிழைக்கும். ஒழுங்காக வேலை செய்த அவளுடைய கருவி குப்பைக்குப் போகும்.

ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். பரிசு கிடைக்கலாம். நஸீராவின் உம்மா நாளைக்குக் குடத்தோடு போய்ச் சிவப்புப் பெயிண்டைப் பார்ப்பார்.

'உப்பு நான் போட்டது சார்.' இது மளமளவென்று எழுத வந்தது. கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கிழித்துவிட்டேன். நிஜத்தில் ஒருவரும் கைதட்டமாட்டார்கள். நஸீரா அவளைப் பார்க்கும் பார்வை மட்டும் மிஞ்சும்.

நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்ததில் நஸீரா பாட்டிலை எடுத்துவிட்டாள்.

"நம்பலையா சார்? இந்தா, குடிச்சே காட்டுறேன்."

மூடியைத் திருகிவிட்டாள். தலையை அண்ணாந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்த ஊற்றைக் குடித்த நாக்கு அது. ஒரு சொட்டு போதும். செவ்வந்தி வாயைத் திறக்கிறாள். சத்தம் இன்னும் வரவில்லை.

அடுத்த வரியை நான் எழுதினால் தண்ணீர் விழுந்துவிடும். எழுதமாட்டேன். செவ்வந்தி என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம். பாட்டில் சாய்கிறது.